கொக்கி உள்ளதான் இருக்காரு

“வாயைத் திறங்க.”

“திறந்தாச்சு.”

“நாக்கைத் தூக்குங்க.”

“தூக்கியாச்சு. கடைசியில ஒரு பல்லு ஆடுது, அதையும் அப்படியே பார்த்துச் சொல்லிடு.”

“கன்னத்துக்குள்ள?”

“கன்னத்துக்குள்ள ஒண்ணும் இல்ல தாயே. உன் மாத்திரை இந்நேரம் குடலுக்குப் போய் டியூட்டில சேர்ந்திருக்கும்.”

மனைவி சிரிக்கவில்லை. டார்ச்சை அணைத்து அலமாரித் தட்டில் வைத்தாள். மாத்திரை டப்பாவை மட்டும் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். இந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் முதலில் நடக்கிற காரியம் இது. அந்த மாத்திரை வயிற்றில் இருக்கும்போது ஒரு வாய் சாராயம் உள்ளே போனால் போதும், முகம் செங்கல்லாய்ச் சிவந்து, நெஞ்சு படபடத்து, குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுக்கும். அதனால் ஏமாற்ற நினைப்பவர்கள் விழுங்குவதுபோல விழுங்கி, நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்திருந்து, ஆள் அந்தண்டை போனதும் துப்பிவிடுவார்கள். அவனும் துப்பியவன்தான். முதல் தடவை சிகிச்சைக்குப் போயிருந்த வருஷம் வாசலில் இருந்த பூந்தொட்டியில் தினமும் துப்பினான். அந்த வருஷம் முழுக்கக் குடிக்காமல் இருந்தது அந்தச் செடி ஒன்றுதான் என்று பிற்பாடு அவனே சொல்லிச் சிரிப்பான்.

இது மூன்றாவது தடவை. இந்தத் தடவை டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னதே அவன்தான்.

“நேத்து டாக்டர் என்ன சொன்னார்னு நீ கேக்கவே இல்லையே.”

“என்ன சொன்னார்?”

“திங்கக்கிழமையிலேருந்து வேலைக்குப் போலாமாம். கூட்டத்துக்குச் சாயங்காலம் வந்தாப் போதுமாம். ஈரல் தேறியிருக்காம். இந்தா பாரு கையை.” இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். “இதுமேல தண்ணி டம்ளரை வை. ஒரு சொட்டு சிந்துதா பார்ப்போம்.”

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கத்தி அவள் கையில் நின்றது. பிறகு தடவிய இடத்திலேயே மறுபடியும் தடவியது.

“இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே.”

“ஏன்?”

“மழைக்காலமா இருக்கு. அந்தக் குளிர்ல போய் நிக்கணும். உடம்பு தாங்குமா?”

“குளிர்ல நிக்கிறதுதானே என் பொழப்பு. ஐஸ் கம்பெனியில வேற எங்க நிப்பாங்க, அடுப்புகிட்டயா?”

“அதுக்கில்லைங்க. என் தம்பிதான் பார்த்துக்கிறானே. இப்போ என்ன அவசரம்?”

“அவன் எத்தனை நாளைக்கு என் பேருக்கு ஓடுவான்? அவனுக்கும் ஒரு பொழப்பு வேணாமா?”

அவள் ரொட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, கைப்பையிலிருந்து சில்லறையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். போக வர பஸ்ஸுக்கு, நடுவில் ஒரு டீக்கு.

“டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாம கொண்டு வாங்க.”

இதுவும் அவனே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடுதான். கையில் நாலு காசு சேர்ந்தால் கால் தானாகத் திரும்பும் என்று குடியை விட்டவர்களின் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தான். வீட்டுக்கு வரும் சம்பளம் எதுவும் அவன் கைக்கு வராது. வாடகை, கடன், மளிகை எல்லாம் அவள் பாடு. அவனுக்குப் பஸ் காசும் டீக்காசும். டிக்கெட்தான் அதற்குச் சாட்சி. ஒரு குழந்தையைப்போல நடத்தப்படுவதில் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு அதில் ஒரு நிம்மதி வந்துவிட்டது. பெரிய வெள்ளத்தில் மிதக்கிறவனுக்கு யாரோ ஒரு கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கிறார்கள் என்பதுபோல.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் ஐஸ் கம்பெனியில் முதலாளியிலிருந்து லாரி டிரைவர் வரைக்கும் எல்லாருக்கும் அவன் கொக்கிதான். அங்கே நீளமாக ஒரு தொட்டி. அதில் ஐஸைவிடக் குளிர்ந்தும் உறையாமல் கிடக்கும் உப்புத்தண்ணீர். அதற்குள் வரிசை வரிசையாகத் தகர டின்கள் நிற்கும், ஆளுயரத்தில் முக்கால். மேலே பலகை மூடிகள். அந்த மூடிகளின் மேல்தான் ஆட்கள் நடப்பார்கள். கூரைக்கடியில் ஓடும் சங்கிலியின் நுனியில் ஒரு இரட்டைக் கொக்கி. டின்னின் காதுகளில் அதை மாட்டித் தூக்கி, மெல்ல நகர்த்திக்கொண்டுபோய், கடைசியில் இருக்கிற சாதாத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு முக்கு முக்க வேண்டும். கட்டி டின்னை விட்டுக் கழன்றதும் சாய்த்துச் சறுக்குப்பலகையில் விடவேண்டும். முந்திக்கொண்டால் கட்டி பிளக்கும். பிந்தினால் ஓரம் கரைந்து எடை குறையும். கழலும்போது கட்டி உள்ளேயிருந்து ஒரு சத்தம் போடும். தூங்கி எழுந்தவன் விரலைச் சொடுக்குவதுபோல இருக்கும். குடித்திருந்த நாட்களில்கூட அந்தச் சத்தம் மட்டும் அவனுக்குத் தப்பியதில்லை. கால்தான் தப்பியது. ஒருமுறை பலகை மூடி விலகியிருந்த இடத்தில் கால்வைத்து இடுப்புவரை உப்புத்தண்ணீரில் இறங்கினான். வெளியே தூக்கியவர்கள் அவனைவிட அதிகமாக நடுங்கினார்கள். அதற்கப்புறம்தான் இந்த மூன்றாவது சிகிச்சை.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் கொஞ்ச நாள் வரமுடியாவிட்டால், தன் இடத்துக்குப் பதிலாளை அவனே அனுப்பவேண்டும். பதிலாள் வந்து நின்றால் இடம் பிழைக்கும். காலையில் மேஸ்திரி ஆள் கூப்பிடும்போது பழைய ஆளின் பேரைத்தான் கூப்பிடுவார். பதிலாள் அந்தப் பேருக்கே ‘இருக்கேன்’ என்று குரல் கொடுக்கவேண்டும். அம்மை கண்டவனுக்கு அவனுடைய அப்பா வந்து நின்றிருக்கிறார். கால் முறிந்த ஒருவனுக்கு அவன் மாமியாரே வந்து நின்று, அவனைவிடச் சுத்தமாக டின் கழுவிவிட்டுப் போனதாக ஒரு கதை கம்பெனியில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கொக்கிக்குப் பதிலாள் அவன் மச்சினன், மனைவியின் தம்பி. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன். மருத்துவமனையில் படுப்பதற்கு முந்தின வாரம் முழுக்க, வீட்டு நிலைக்கு மேலே கயிற்றைப் போட்டு, செங்கல் நிரப்பிய பக்கெட்டைத் தொங்கவிட்டு, நடுங்குகிற கையோடு கொக்கி அவனுக்கு வேலை சொல்லிக் கொடுத்தான்.

“மாமா, இது பக்கெட்டு. ஐஸ் இல்ல.”

“ஐஸ்னு நெனச்சுக்கோடா மாப்ள. வெடுக்குன்னு இழுக்காத. பொண்ணு பார்க்கப் போன இடத்துல டீ டம்ளர் எடுக்கிற மாதிரி எடுக்கணும்.”

“நீங்க எங்க அக்காவைப் பார்க்க வந்தப்போ டம்ளரை உடைச்சீங்களாமே.”

“அதான் உன்னை உடைக்காதங்கறேன். பலனை நான் அனுபவிக்கிறேன் பாரு.”

சமையலறையில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

படுக்கையில் இருந்து எழுந்து, பகல்நேரக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்த பிறகும் அவன் கம்பெனிப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. போகக்கூடாது என்பது மருத்துவமனையின் சொல். கம்பெனி வாசலுக்கு எதிரே சாராயக்கடை. மூட்டை ஏற்றுகிறவர்கள், லாரிக்காரர்கள் எல்லாம் அவனுடைய பழைய சேர்க்கை. நன்றாகத் தேறும்வரை அந்தத் தெருவே ஆகாது.

கூட்டத்தை நடத்துகிற அம்மாவை அங்கே எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்குச் சனிக்கிழமை; கூட்டம் மதியத்தோடு முடிந்துவிடும். திங்கட்கிழமையிலிருந்து வேலை என்று அவன் சொன்னதும் எல்லாரும் கை தட்டினார்கள். குடித்துவிட்டு வேலையிழந்த பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். அவர் மட்டும் எழுந்து, “இனிமேலாவது உன் வீட்டுல டிக்கெட் செக்கிங்கை நிறுத்தச் சொல்லுப்பா. எங்க டிப்போவுலகூட இவ்வளவு கெடுபிடி கிடையாது,” என்றார். சிரிப்பு அடங்கியதும் டீச்சர் சொன்னார்:

“சும்மா திங்கக்கிழமை போய் நிக்காதீங்க. அதுக்கு முன்னாடி மேஸ்திரியைப் பார்த்துப் பேசுங்க. எங்க போயிருந்தீங்க, இனிமே சாயங்காலம் எதுக்குச் சீக்கிரம் கிளம்பணும், எல்லாத்தையும் நீங்களே சொல்லுங்க. அடுத்தவங்க சொல்லி அவருக்குத் தெரியக்கூடாது.”

அவனுக்குத் திங்கள்வரை பொறுக்கவில்லை. அன்றைக்கே கிளம்பினான். கம்பெனிக்கு வேறு பஸ். வேறு டிக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் முகம் மாறும். அதனால் நடந்தான். தூறல் விட்டுவிட்டு விழுந்தது. குடியை விட்டதிலிருந்து நாக்கு எந்நேரமும் இனிப்புக் கேட்டது; சட்டைப் பையில் புதினா மிட்டாய் தீர்ந்ததே இல்லை. ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டான். பாலம் தாண்டியதுமே காற்றில் அந்த அமோனியா நெடி வந்துவிட்டது. மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிற நெடி. அவன் ஒரு நிமிடம் நின்று அதை நெஞ்சு நிறைய இழுத்தான். ஒரு ஊர் தன்னை ஞாபகம் வைத்திருப்பதுபோல இருந்தது அவனுக்கு.

வாசலில் வாட்ச்மேன் புதுசு.

“யாரைப் பார்க்கணும்?”

“நான் உள்ள வேலை பார்க்கிறவன்தான். மேஸ்திரிகிட்ட கொக்கி வந்திருக்கேன்னு சொல்லுங்க.”

வாட்ச்மேன் அவனை மேலும் கீழும் பார்த்தார். “கொக்கி உள்ளதான் இருக்காரு. காலையிலயே வந்துட்டாரே.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. “அது பதிலாள் அண்ணே. நிஜக் கொக்கி நான்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நான் வந்து சேர்ந்ததுலேருந்து கொக்கின்னா அவருதான். நான் சேர்ந்த புதுசுல, நிரந்தரம் ஆனதுக்கு எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாரு. நல்ல மனுஷன், எனக்கு ரெண்டு துண்டு கொடுத்தாரு.”

அதற்குள் உள்ளேயிருந்து மேஸ்திரியே வந்துவிட்டார். “அட, நீயா!” என்று தோளில் கைவைத்தார். வைத்த கையை உடனே எடுத்தார். “உடம்பு பரவாயில்லையே. ஆளே தெளிஞ்சிட்டியே.” இதைச் சொல்லும்போது அவர் கண் இவன் காதுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. “போ, முதல்ல உன் மச்சினனைப் பாரு. அப்புறம் பேசுவோம்.”

தொட்டி அறைக்குள் நுழைந்ததும் குளிர் கணுக்காலில் ஏறியது. மூடிகளின் மேல் மச்சினன் நின்றிருந்தான். காலில் கொக்கியின் பழைய ரப்பர் பூட்ஸ். டின்னைத் தூக்கினான், நகர்த்தினான், முக்கினான், தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். சத்தம் வந்தது. சாய்த்தான். கண்ணாடிபோல ஒரு கட்டி, ஒரு கீறல் இல்லாமல் பலகையில் வழுக்கிக்கொண்டு போனது. கொக்கிக்குப் பெருமையாக இருந்தது. வாசலில் கேட்டதைக்கூட அந்த ஒரு கணம் மறந்துவிட்டான்.

“மாமா! நீங்க எங்க இங்க? இந்தப் பக்கம் வரலாமா நீங்க?”

“திங்கக்கிழமையிலேருந்து வரலாம்டா மாப்ள. நீ இனிமே நிம்மதியா பஞ்சர் ஒட்டப் போலாம்.”

மச்சினன் சிரித்தான். இவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

“என்ன மாமா, விளையாடுறீங்களா?”

“எதுக்குடா விளையாடணும்? வாட்ச்மேன் என்னமோ நிரந்தரங்கறாரு, கேக்குங்கறாரு. யாருக்குடா நிரந்தரம்?”

“நீங்கதானே மாமா விட்டுக்கொடுத்தீங்க?”

“நானா?”

“இனிமே குளிர்ல நிக்க முடியாது, தம்பியே இருந்துக்கட்டும்னு நீங்க சொன்னதா அக்காதான் சொன்னா. அவதான் முதலாளிகிட்ட வந்து பேசினதும். அதுக்குத்தானே மாமா நான் ஆஸ்பத்திரிக்குச் சட்டை எடுத்துட்டு வந்தேன்?”

கொக்கி குனிந்து பார்த்தான். இப்போது அவன் போட்டிருந்ததும் அதே நீலக் கட்டம் போட்ட சட்டைதான். படுக்கையில் கிடந்தபோது மச்சினன் அதைக் கொண்டுவந்து மடியில் வைத்து, ‘பெரிய மனசு மாமா உங்களுக்கு’ என்று கண்கலங்கினான். குடியை விடத் துணிந்ததைத்தான் அவன் அப்படிப் பாராட்டுகிறான் என்று நினைத்து, இவனும் கூடவே கண்கலங்கியிருந்தான்.

“மாமா, உங்களுக்குத் தெரியாதா?” மச்சினனின் குரல் இறங்கியது. “சத்தியமா எனக்கு இது தெரியாது மாமா. நான் இதை நம்பி எல்லாம் பேசிட்டேன். பொண்ணு வீட்டுல நிரந்தர வேலையான்னுதான் முதல் கேள்வியே கேட்டாங்க. அடுத்த மாசம் கல்யாணம்.”

“கல்யாணமா? உங்கக்கா சொல்லலையே.”

“அவகிட்ட இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல மாமா. இப்போ பாதிச் சம்பளம் அவகிட்டதான் கொடுக்கிறேன். நீங்க வாங்கின அட்வான்ஸை வேற என் சம்பளத்துலதான் பிடிக்கிறாங்க. கல்யாணம் ஆனதுக்கப்புறம் அவளுக்குக் கொடுக்க முடியாது மாமா. வர்றவ கேக்க மாட்டாளா? நீங்களே அக்காகிட்ட கொஞ்சம் பக்குவமா சொல்லிடுங்களேன்.”

“கொக்கி! டின்னைப் பாரு, கரையுது!”

மேஸ்திரியின் குரல். இரண்டு பேரும் ஒரேசமயம் திரும்பினார்கள். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தது ஒருவனைத்தான்.

மச்சினன் ஓடிப்போய்ச் சங்கிலியைப் பிடித்தான். கொக்கி அங்கே நின்று, தன் கை எந்த வேலையும் இல்லாமல் சங்கிலியை இழுக்கிற வாக்கில் மடங்கியிருப்பதைப் பார்த்தான். அதைத் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

எதிர்ச்சாரியில் சாராயக்கடை திறந்திருந்தது. “கொக்கி அண்ணே! நீ செத்துட்டேன்னாங்க!” என்று ஒரு மூட்டைக்காரன் சந்தோஷமாகக் கத்தினான். “வா, வா, நான் வாங்கித் தர்றேன், நீ பிழைச்சதுக்கு!” மழை வலுத்துவிட்டிருந்தது. கடையின் கூரைக்கடியில் நின்றவர்களின் முகங்கள் எல்லாம் உலர்ந்து, மஞ்சள் வெளிச்சத்தில், மிகவும் அன்பானவையாகத் தெரிந்தன. உள்ளே மாத்திரை இருந்தது. அது தரப்போகும் வாந்தியைக்கூட அவன் ஒருகணம் ஆசையோடு நினைத்துப் பார்த்தான். அவள் கண் முன்னால் போய் எடுக்கவேண்டும், நன்றாக எடுக்கவேண்டும் என்று. பிறகு இன்னொரு மிட்டாயை வாயில் போட்டுக் கடித்து நொறுக்கிக்கொண்டு மழைக்குள் நடந்தான்.

அவள் வேலை பார்ப்பது ஒரு சலவைக்கூடத்தில். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. விரிப்பு பெரிது; ஒருவரால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி சேரவேண்டும். அவன் போனபோது கூட மடிக்கிறவள் டீ குடிக்கப் போயிருந்தாள். ஈரச்சூடும் சோப்பு வாசனையும் நிறைந்த அந்தக் கூடத்தில், வெள்ளை மலைகளுக்கு நடுவே அவள் மட்டும் நின்றிருந்தாள்.

“என்னங்க, இப்படி நனைஞ்சிட்டு? பஸ் வரலையா?”

அவன் பையிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸின் சில்லறையை எடுத்து மேசைமேல் வைத்தான். “பஸ்ஸுல வரல. நடந்தேன். கம்பெனிக்குப் போயிட்டு வர்றேன்.”

அவள் சில்லறையைப் பார்த்தாள். பிறகு ஒரு விரிப்பை எடுத்து உதறி, “கையைத் துடைச்சிட்டு அந்த முனையைப் பிடிங்க,” என்றாள்.

பிடித்தான். பல வருஷமாக வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து எதையும் மடித்ததில்லை.

“எப்போ போய்ப் பேசினே?”

“நீங்க உள்ள படுத்திருந்தப்போ. மழை ஆரம்பிச்சு வியாபாரம் படுத்துடுச்சு. ஆளைக் குறைக்கப் போறாங்க, பதிலாள் நிக்கிற இடம்தான் முதல்ல போகும்னு மேஸ்திரி சொல்லி அனுப்பினாரு. போட்டது போட்டபடி ஓடினேன்.”

“ஓடி?”

“முதலாளி உட்காரச் சொன்னாரு. உட்கார்ந்தேன். என் வயித்தையே பார்த்துட்டிருந்தாரு. அப்புறம் கேட்டாரு, ‘உங்களுக்கு எத்தனை கர்ப்பப்பைம்மா?’ன்னு.”

அவன் கையில் விரிப்பு தொய்ந்தது.

“இழுத்துப் பிடிங்க, சுருக்கம் விழுது. எனக்கு ஒண்ணும் புரியல. கணக்குப்பிள்ளை வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாரு. என்னங்க ஐயா இப்படிக் கேக்கிறீங்கன்னேன். அப்புறம்தான் சொன்னாரு. முந்தின வருஷம் ஒரு தடவை, அதுக்கு முந்தின வருஷம் ஒரு தடவை, என் கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொல்லி நீங்க அட்வான்ஸ் வாங்கினதை. எனக்கே தெரியாம என் வயித்தை ரெண்டு தடவை அறுத்திருக்கீங்க.”

“அது குடிச்சிட்டிருந்தப்போ.”

“ஆமா. குடிச்சிட்டிருந்தப்போ.”

முனைகளைச் சேர்க்க அவன் நடந்து வந்தான். அவள் அவன் கையிலிருந்து முனைகளை வாங்கிக்கொண்டாள். விரல் பட்டது. விலகினான்.

“மனுஷன் கெட்டவர்னு சொல்ல மாட்டேன். ரெண்டு வழி சொன்னாரு. ‘உங்க வீட்டுக்காரர் தேறி வரட்டும், வச்சுப் பார்க்கிறேன், ஒழுங்கா இருந்தா இடம் அவருக்குத்தான். அதுவரைக்கும் நான் கைவைக்க மாட்டேன். இல்லே, தம்பிக்கே நிரந்தரம் பண்ணுங்கன்னா இன்னைக்கே பண்ணிடறேன், பையன் நல்லா வேலை செய்யறான், அட்வான்ஸையும் அவன்கிட்டயே பிடிச்சுக்கிறேன். நீங்களே சொல்லுங்கம்மா’ன்னாரு.”

மச்சினன் சொன்னதைக் கேட்ட பிறகுகூட, முதலாளி கழுத்தைப் பிடித்திருப்பார், அவளுக்கு வேறு வழியே இருந்திருக்காது என்றுதான் மழையில் நடந்தபடி அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான்.

“நீ என்ன சொன்னே?”

“தம்பின்னேன்.”

“எவ்வளவு நேரம் யோசிச்சே?”

“எதுக்கு அது?”

“சும்மா. தெரிஞ்சுக்கத்தான்.”

அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள். உதறினாள். இரண்டு பேருக்கும் நடுவில் அது காற்றில் உப்பி, முகம் தெரியாமல் மறைத்து, மெல்லத் தாழ்ந்தது.

“யோசிக்கல,” என்றாள். “அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சொல்லிட்டேன். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.”

“தினமும் காலையில என் வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தியே. ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலையா உனக்கு?”

“சொன்னா குடிப்பீங்க.”

“திங்கக்கிழமை நேரா போய் வாசல்ல நின்னிருந்தா?”

“அதான் கொஞ்ச நாள் போகட்டும்னேன்.”

“எத்தனை நாள்?”

“வேலைன்னு ஒண்ணு காத்திட்டிருந்தாதான் மனுஷன் தேறுவான்னு உங்க டாக்டர்தானே சொன்னாரு. அதனால அது இருக்கிற மாதிரியே வச்சிருந்தேன்.”

“தேறினதுக்கப்புறம்? அப்போ என்ன பண்ணலாம்னு இருந்தே?”

அவள் குனிந்து தையல் விளிம்பை நேர்ப்படுத்தினாள். “தேறுவீங்கன்னு நான் நெனைக்கலைங்க,” என்றாள். குரலில் கோபமில்லை. கடையில் ஒரு சாமான் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல இருந்தது.

இரண்டு பேரும் மடித்தார்கள். உதறினார்கள், இழுத்தார்கள், நெருங்கினார்கள், விலகினார்கள். பின்னால் துணி உலர்த்தும் எந்திரம் எதையோ மென்றுகொண்டே இருந்தது. பிறகு அவன் சொன்னான்:

“உன் தம்பிக்கு அடுத்த மாசம் கல்யாணமாம். பேசி முடிச்சிட்டான். அதுக்கப்புறம் உனக்குப் பாதிச் சம்பளம் தர முடியாதாம். உன்கிட்டச் சொல்ல பயமா இருக்காம், என்னைப் பக்குவமா சொல்லச் சொன்னான்.”

முனைகளைச் சேர்க்க வந்தவள் அவனுக்கு மிக நெருக்கமாக நின்றாள். அவள் மூக்கு விடைப்பதை அவன் பார்த்தான்.

“வாயில என்ன?”

“மிட்டாய்.”

“புதினாவா?”

“புதினாதான்.”

“ஊதுங்க.”

அவன் அவளையே பார்த்தான். இன்றைக்கு அவன் சொன்ன எல்லாம் நிஜம். சாராயக்கடை வாசலிலிருந்து திரும்பி நடந்து வந்தது நிஜம். வாயைத் திறந்து ஊதினான். அவள் கண்ணை மூடி முகர்ந்தாள். திறந்தபோது அந்தக் கண்ணில் நிம்மதியும் இல்லை, நம்பிக்கையும் இல்லை.

“அவன் என் தம்பிங்க. என்கிட்டச் சொல்லாம கல்யாணம் பேசுவானா? என் மேல இருக்கிற கோபத்துல அவனை இழுக்காதீங்க.”

“நான் பொய் சொல்லல.”

“நீங்க நிஜமே சொன்னாலும் என் காதுல அது எப்படி ஏறும், சொல்லுங்க? ரெண்டு தடவை அறுத்த வயிறு இது.”

சொல்லிவிட்டு மடித்ததை அடுக்கின் மேல் வைக்கப் போனாள். பாதி வழியில் நின்றாள். அவள் முதுகு மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது.

“போன தடவை கொஞ்சம் குறைச்சுத்தான் கொடுத்தான்,” என்றாள், யாரிடமும் இல்லாமல். “பூட்ஸ் வாங்கணும்னு சொன்னான்.”

என் பூட்ஸைத்தான் அவன் இன்னும் போட்டிருக்கிறான் என்று சொல்ல நாக்கு வரை வந்து நின்றது. அவள் கொண்டுபோனதை அடுக்கின் மேல் வைக்காமலே திரும்பி வந்து, மேசையில் போட்டுவிட்டு, இன்னொரு விரிப்பை எடுத்து உதறினாள். அவன் தன் பக்கத்து முனைகளைப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை இழுக்கவும் இல்லை, நடந்து வரவும் இல்லை. வெள்ளைத் துணி இருவருக்கும் நடுவில் தொய்ந்து தொங்கியது.

“திங்கக்கிழமை என்கூட ஒரு தடவை முதலாளிகிட்ட வா,” என்றான். “என்னைச் சேர்த்துக்கோங்கன்னு நீ கேக்க வேணாம். தம்பியை விட்டுக்கொடுக்கவும் வேணாம். அன்னைக்குக் கேட்டதை அப்படியே இன்னொரு தடவை கேக்கச் சொல்லி நானே அவர் கால்ல விழறேன். நீ அதே பதிலைக்கூடச் சொல்லிக்கோ, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா இந்தத் தடவை, அவர் முழுசா கேட்டு முடிச்சதுக்கப்புறம், கொஞ்ச நேரம் யோசிச்சிட்டுச் சொல்லு. அது மட்டும் பண்றியா?”